சரிசார் நடத்திய போர் எதிர்ப்பு

ஒரு ஸ்பிரிங்கைக் கையில் பிடித்துக்கொண்டு, "இது சரியில்லை" என்று சொல்லிப் பழகிக்கொண்டிருந்தார் சரிசார். வாய் வரவில்லை.

அந்த ஸ்பிரிங் பட்டறையின் செக்கிங் மேசையில் தலை நரைக்கும் வரை உட்கார்ந்திருந்தவர் அவர். அந்த வார்த்தையை ஒருநாளும் சொன்னதில்லை. கோணலாக வந்தால், "கதவுக்குத்தானே போகுது? கதவு என்ன கோவிச்சுக்கவா போகுது? சரி" என்பார். குட்டையாக வந்தால், "இழுத்தா நீளும். சரி" என்பார். அளவு பார்ப்பதற்காகக் கொடுத்த கேஜ் அவருடைய டீ டம்ளருக்கு மூடியாக இருந்தது. ரிஜெக்ட் ஆன சரக்கைப் போடவேண்டிய தகர டப்பாவில் மெஷின்காரர் தன் சாப்பாட்டுப் பையை வைத்துக்கொள்வார். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் மிச்சம் இருந்தது. மற்றபடி ஊருக்கே அவர் சரிசார்தான். வீட்டில் மனைவி, "திரைத்துணி நீலமா, பச்சையா?" என்று கேட்டால்கூட, "சரி" என்பார்.

அப்பேர்ப்பட்ட மனிதருக்கு இப்போது ஒரு ஸ்பிரிங்கைக் கழித்தே ஆகவேண்டிய நிலைமை வந்துவிட்டது. எல்லாம் முந்தின நாள் மாலை மகள் கேட்ட ஒரே ஒரு கேள்வியால் வந்த வினை.

மகள் கல்லூரியில் படிக்கிறாள். எங்கோ கடல்களுக்கு அப்பால் நடக்கும் ஒரு போரை நிறுத்தச் சொல்லி, சிநேகிதிகளோடு தெருமுனையில் அட்டை பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு வந்திருந்தாள். வெயிலில் முகம் கறுத்திருந்தது. டி.வி.யில் அதே போர் ஓடிக்கொண்டிருந்தது. இடிந்த வீடு ஒன்றின் முன்னால் ஒருத்தி வெறும் கையோடு நின்றுகொண்டிருந்தாள்.

"பாவம்தான். ஆனா நாம என்னம்மா பண்ண முடியும்?" என்றார் சரிசார். "நாம சாதாரண ஜனங்க."

"எல்லாரும் இதையே சொல்லிட்டு உட்கார்ந்திருக்கறதாலதான்ப்பா அது நடக்குது. உங்களை யாரும் அங்க போய்க் குறுக்கே நிக்கச் சொல்லலை. அவங்கவங்க கை என்ன செய்யுதுன்னு அவங்கவங்க பார்த்தாப் போதும்."

சொல்லிவிட்டுக் கைப்பேசியை நீட்டினாள். அதில் ஓர் ஆந்தைப் படம். "இந்த ஆந்தை முத்திரையைப் பாருங்க. இவங்க செய்யற குண்டுதான் அந்த வீடுங்க மேல விழுது. உங்க பட்டறையிலேர்ந்து இவங்களுக்கு எதுவும் போகலையே?"

"சேச்சே!" என்றார் சரிசார்.

ஆனால் பட்டறைக்குப் புதிதாக வந்திருக்கும் ஆர்டரின் பெட்டிகள் ஒவ்வொன்றிலும் அந்த ஆந்தைதான் உட்கார்ந்திருந்தது. இரண்டு நாளாக அந்த லேபிளை அவரே தன் கையால் ஒட்டிக்கொண்டிருந்தார்.

உலகத்தில் சரிசார் முதலாளிக்குப் பயந்ததில்லை, மனைவிக்கும் பயந்ததில்லை. எல்லோருக்கும் சரி என்று சொல்லிவிடுபவருக்குப் பயம் எதற்கு? அவர் பயந்தது மகள் ஒருத்திக்குத்தான். காரணம், அவள் அவரை நல்லவர் என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

இந்த ஆர்டர் வந்தபோது அவருக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது! பட்டறையில் இன்னொரு செக்கர் உண்டு. கண்கொத்தி என்று பெயர் வாங்கிய அம்மாள். ஒரு ஸ்பிரிங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, மெஷின் எந்த இடத்தில் தும்மியது என்றுகூடச் சொல்லிவிடுவார். முக்கியமான சரக்கெல்லாம் அவர் மேசைக்குத்தான் போகும். இந்தத் தடவை முதலாளியே நேரில் வந்து, கண்கொத்தியைக் கதவு ஸ்பிரிங் பக்கம் அனுப்பிவிட்டு, "புது ஆர்டரை நீங்க பாருங்க சரிசார்" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். "கடைசியில உங்க அருமை தெரிஞ்சுதே" என்று மனைவி அன்று முழுக்கப் பூரித்துப்போனாள்.

இப்போது அந்தப் பெருமையை யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

காலையில் மெஷின்காரரிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தார். ஸ்பிரிங் சுற்றும் மெஷினை ஓட்டுகிற அவருக்கு முதலாளியைவிட அதிக விஷயம் தெரியும்.

"அந்த ஆந்தைக் கம்பெனிக்கு நாம முடியாதுன்னு சொன்னா என்ன ஆகும்?"

"மொத்தமும் போச்சு. நம்ம கதவு ஸ்பிரிங்கை வாங்கறதும் அவங்க ஆளுங்கதான். முறைச்சுக்கிட்டா பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான்."

"சரக்கு அவங்களுக்குப் பிடிக்கலேன்னா?"

"அது வேற. முதல்ல மூணு சாம்பிள் லாட் போகணும். மூணும் தேறினாத்தான் பெரிய ஆர்டர். ஒண்ணு ஊத்திக்கிட்டாலும் 'போயிட்டு வாங்க'ன்னு விட்டுடுவாங்க. யாரும் யாரையும் கோவிச்சுக்க மாட்டாங்க."

சரிசாரின் மனத்தில் பளிச்சென்று ஒரு வெளிச்சம். மகள் சொன்னது இதுதானே? அவர் கை என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். அந்தக் கை செக்கிங் மேசைமேல்தான் இருக்கிறது. வருகிற ஸ்பிரிங்கையெல்லாம் கழித்துக்கொண்டே போனால் பெட்டி நிரம்பாது. பெட்டி நிரம்பாவிட்டால் லாட் போகாது. லாட் போகாவிட்டால் ஆந்தை வேறு மரம் பார்த்துப் போய்விடும்.

டம்ளர்மேல் இருந்த கேஜை எடுத்துச் சட்டையில் துடைத்தார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். பழகாத வாயைக் கஷ்டப்பட்டுத் திறந்து, "இது சரியில்லை" என்றார்.

இரண்டாவதைச் சொல்லும்போது அவ்வளவு கஷ்டமாக இல்லை. மதியத்துக்குள் அவருக்கு அதில் ஒரு ருசியே வந்துவிட்டது. ரிஜெக்ட் டப்பா பொங்கி வழிந்தது. மெஷின்காரரின் சாப்பாட்டுப் பை ஸ்பிரிங்குகளுக்கு அடியில் எங்கோ புதைந்துபோயிற்று.

அந்த வழியாக வந்த முதலாளி டப்பாவைப் பார்த்து நின்றுவிட்டார்.

"என்ன இது?"

"ரிஜெக்ட், சார்."

"யார் பண்ணது?"

"நான்தான், சார்."

முதலாளி அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். "உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"கோணல் இருக்கு, சார்."

"இருக்கட்டுமே! இத்தனை வருஷமா கோணல் இல்லாமலா இருந்துச்சு? இப்ப என்ன புதுசா? நீங்க வழக்கம்போல இருங்க. அதுக்குத்தானே உங்களை இங்க உட்கார வெச்சிருக்கேன்!"

லாபம் என்று வந்துவிட்டால் மனிதர்கள் எப்படி மாறிவிடுகிறார்கள் என்று சரிசார் வருத்தப்பட்டார். முதலாளி நல்ல மனிதர். யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் தானே மாத்திரை வாங்கிக்கொண்டு போய் நிற்பவர். அவரையே ஆந்தை பிடித்துக்கொண்டுவிட்டதே!

ஆனால் மெஷின்காரரின் ரோஷத்தை அவர் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டார்.

"என் மெஷின்ல கோணலா?" என்று அவர் டப்பாவுக்குள் கையை விட்டுச் சாப்பாட்டுப் பையைத் தேடி எடுத்தார். சாப்பிடவில்லை. மெஷினை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிப் போட்டுத் துடைத்தார், எண்ணெய் விட்டார், உருளைகளை நேராக்கினார். மறுநாள் அந்த மெஷினிலிருந்து வந்த ஸ்பிரிங்குகள் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருந்தன. சரிசார் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், காதோரம் வைத்துத் தட்டிப் பார்த்தார். கழிக்க ஒரு நொட்டைச் சொல் கிடைக்கவில்லை. சொன்ன தேதிக்கு லாட் கிளம்பிப் போயிற்று.

அந்த வார முடிவில் ஆந்தைக் கம்பெனியிலிருந்து போன் வந்தது. முதலாளி, "அப்படியா... அப்படியா..." என்று கேட்டுவிட்டு, போனை வைத்து, இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"ரொம்ப அருமையா இருக்காம்" என்றார்.

"சந்தோஷத்துல மனுஷனுக்கு மயக்கமே வந்துடுச்சு பாருங்க" என்றாள் பேக்கிங் அக்கா. பெட்டி அடைக்கும் பெண்களுக்கெல்லாம் தலைவி அவள்.

பட்டறை முழுக்க ஒரே கொண்டாட்டம். அங்கே செய்த எதையும் யாரும் இதுவரை அருமை என்று சொன்னதில்லை. சரிசாரைப் பார்த்து எல்லோரும் எழுந்து நின்றார்கள். அவருக்கு அழுகை வந்தது.

இரண்டாவது லாட்டுக்கு வேறு வழி யோசித்தார். கழித்தால்தானே வம்பு? எல்லாவற்றையும் பாஸ் செய்துவிட்டு, பிறகு கெடுத்துவிட்டால்? ஸ்பிரிங்குக்கு உயிரே அதன் திமிர்தான். அமுக்கினால் எழும்பும். அந்தத் திமிரை அடக்கிவிட்டால் அது வெறும் கம்பி.

மெஷின்காரர் அப்போது முணுமுணுத்துக்கொண்டிருந்தார். "முதலாளிக்கு என்னமோ ஆயிடுச்சு. சொன்ன அளவைவிட ஒரு மயிரிழை நீளமா சுத்தணுமாம். ஏன் சார்னு கேட்டா, 'சொன்னதைச் செய்யுங்க'ன்னு முறைக்கறார்."

சரிசார் இருந்த இருப்பில் இது அவர் காதில் ஏறவில்லை. வார விடுமுறைக்கு முந்தின சாயங்காலம், எல்லோரும் போன பிறகு, ஸ்பிரிங்குகளை இரும்புப் பலகைகளுக்கு நடுவில் வரிசையாக நிற்கவைத்து, மேலே பட்டறையில் கிடந்த கனமான இரும்பையெல்லாம் தூக்கி ஏற்றினார். இடுப்புப் பிடித்துக்கொண்டது. ஸ்பிரிங்குகள் தட்டையாக நசுங்கின. விடுமுறை முழுக்க இப்படிக் கிடந்தால் தன்னுடைய முதுகு மாதிரி ஆகிவிடும் என்று நிம்மதியாக வீட்டுக்குப் போனார்.

வீட்டில் மகள் தைலம் தடவிவிட்டாள்.

"இப்பல்லாம் ஒவ்வொரு ஸ்பிரிங்கையும் கையில எடுத்துப் பார்க்கறீங்களாமே? அம்மா சொன்னா. எனக்கு எவ்வளவு பெருமையா இருக்கு தெரியுமாப்பா?"

"சரிம்மா" என்றார் சரிசார், சுவரைப் பார்த்துக்கொண்டு. சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. இந்த லாட் திரும்பி வரட்டும், தலை நிமிர்ந்து சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

லாட் திரும்பி வரவில்லை. போன்தான் வந்தது. முதலாளி பேசி முடித்ததும் பேயறைந்தவர் மாதிரி செக்கிங் மேசைக்கு வந்தார்.

"அளவு அச்சு அசல் கேஜுல உட்காருதாம். அவங்க மெஷின்ல எத்தனை தடவை அமுக்கினாலும் தளரவே இல்லையாம். என்ன மந்திரம் போட்டீங்கன்னு கேக்கறாங்க. என்னய்யா பண்ணீங்க?"

"கொஞ்சம்... அமுக்கி வெச்சேன், சார்."

பக்கத்து மேசையிலிருந்து கண்கொத்தி எழுந்தே விட்டார். "அப்படிப் போடுங்க! ஒரு மயிரிழை நீளமா சுத்தி, நல்லா அமுக்கி வெச்சு எடுத்தா, சரியான அளவுக்கு இறங்கி நின்னுடும். அப்புறம் ஆயுசுக்கும் தளராது. பெரிய பெரிய கம்பெனிங்க பண்ற வேலை. உங்களுக்கு எப்படி சார் தெரிஞ்சுது?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்" என்றார் முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு. பிறகு குரலைத் தணித்து, "சரிசார், ரொம்ப உழைச்சுட்டீங்க. அடுத்த லாட் முடியற வரைக்கும் லீவு எடுத்துக்குங்க. சம்பளம் பிடிக்க மாட்டேன். எங்கேயாவது குடும்பத்தோட போயிட்டு வாங்க" என்றார்.

முதலாளிக்குச் சந்தேகம் வந்துவிட்டது என்று சரிசார் நினைத்தார். தான் போய்விட்டால் கண்கொத்தி அந்த மேசைக்கு வருவார். மூன்றாவது லாட்டும் தேறிவிடும்.

"இல்ல சார். நான் இருந்தே ஆகணும்."

"இருந்தே ஆகணுமா?"

"ஆமா சார்."

முதலாளியிடம் அவர் 'சரி' சொல்லாதது அதுதான் முதல் தடவை. முதலாளி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தோள் தொங்கிப்போய் நடந்தார்.

கடைசி லாட்டுக்குச் சாமர்த்தியமெல்லாம் வேண்டாம் என்று சரிசார் முடிவு செய்தார். நேரான வழிதான். ரிஜெக்ட் டப்பாவில் இருந்ததை அள்ளி, பெட்டிகளுக்குள் போட்டு, மேலே ஒரு வரிசை நல்லதை அடுக்கிவிட்டார். கோணல், குட்டை, துருப்பிடித்தது எல்லாம் உள்ளே போயிற்று. இத்தனை வருஷம் அறியாமல் செய்ததை இப்போது அறிந்து செய்தார், அவ்வளவுதான். லாரி கிளம்பியபோது அதற்குக் கை காட்டினார்.

அவர் திரும்பியபோது பேக்கிங் அக்கா பக்கத்தில் வந்து நின்றாள். சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டாள்.

"அண்ணே, நீங்க கவலைப்படாதீங்க. யார்கிட்டயும் மூச்சு விட மாட்டோம்."

"எதைம்மா?"

"ராப்பகலா உழைக்கறீங்க, கண்ணு அசந்துபோச்சு போல. பெட்டிக்குள்ள அத்தனையும் கெட்டதா இருந்துச்சு. மேலோட்டமா பார்த்தா தெரியலை. கொட்டிப் பார்த்தோம். உங்க பேரு கெடலாமா? சாப்பாட்டு நேரத்துல நாங்க எல்லாரும் உட்கார்ந்து, ஒவ்வொண்ணா கேஜுல போட்டு, நல்லதா மாத்தி அடுக்கிட்டோம். முன்னெல்லாம் எங்களுக்கு நல்லது கெட்டது தெரியாது. உங்களைப் பார்த்துத்தான் கத்துக்கிட்டோம்ணே."

சரிசார் லாரி போன திசையைப் பார்த்தார். அது முக்கு திரும்பிவிட்டது.

மூன்றும் தேறின. பெரிய ஆர்டரில் கையெழுத்துப் போட ஆந்தைக் கம்பெனியிலிருந்து கோட்டுப் போட்ட ஒருவர் வந்தார். ஒரு சின்ன விழா வைத்தே ஆகவேண்டும், தொழிலாளிகளின் குடும்பத்தையெல்லாம் கூப்பிட வேண்டும் என்று அவர்தான் பிடிவாதம் பிடித்தார். முதலாளி விளக்கெண்ணெய் குடித்த முகத்தோடு கையெழுத்துப் போட்டார். கேக் வெட்டினார்கள். முன்வரிசையில் சரிசாரின் மனைவியும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். மகளை வரவேண்டாம் என்று தடுக்க அவர் சொன்ன பொய்யெல்லாம் அவளுடைய பெருமைக்கு முன்னால் எடுபடவில்லை.

கோட்டுக்காரர் சரிசாரை மேடைக்கு அழைத்து, "இவரைப் போல ஒரு செக்கரை நான் பார்த்ததே இல்லை" என்று சொல்லி, பளபளவென்று ஒரு கேடயத்தைக் கையில் கொடுத்துவிட்டு, அவசர வேலை இருக்கிறது என்று காரில் ஏறிப் போய்விட்டார்.

எல்லோரும் கை தட்டினார்கள். மகளும் எழுந்து நின்று தட்டினாள். பிறகு அவளுடைய கைகள் பாதியில் நின்றன. கேடயத்தின் நடுவில், இரண்டு கண்ணையும் விரித்துக்கொண்டு, ஆந்தை.

அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடச் சரிசார் தாங்கியிருப்பார். அவள் வெறுமனே பார்த்தாள்.

"நான் இதைத் தடுக்கத்தான் பார்த்தேன்மா!" என்று கத்திவிட்டார் சரிசார். கைதட்டல் அடங்கிப்போயிற்று. "இந்த ஆர்டர் போகக்கூடாதுன்னுதான் முதல்ல கழிச்சேன். மெஷின் சரியாயிடுச்சு. அப்புறம் நசுக்கினேன். நசுக்கினா நல்லதாம்! கடைசியில கெட்டதையெல்லாம் பொறுக்கிக் கலந்தேன், இவங்க பாசத்துல மாத்தி வெச்சுட்டாங்க. நான் தொட்டதெல்லாம் நல்லதாப் போயிடுச்சும்மா, நான் என்ன பண்ணுவேன்! சார், என்னை மன்னிச்சுடுங்க. நான் வேலையை விட்டுடறேன்."



"அப்போ என் மெஷின்ல கோணலே இல்லையா?" என்றார் மெஷின்காரர்.

"ஐயோ, நாங்க வேற சாப்பிடாம உட்கார்ந்து மாத்தினோமே" என்று வாயில் கை வைத்துக்கொண்டாள் பேக்கிங் அக்கா.

மகள் மேடைக்கு ஏறி வந்தாள். கேடயத்தை அவர் கையிலிருந்து வாங்கி ஓரமாகக் கவிழ்த்து வைத்துவிட்டு, அவர் முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். சரிசாருக்குக் கண் நிறைந்துவிட்டது. வேலை போனால் போகட்டும் என்று அந்த நிமிஷம் மனதார நினைத்தார்.

முதலாளி கத்தப் போகிறார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் கத்தவில்லை. ஒரு காலிப் பெட்டியின்மேல் தொப்பென்று உட்கார்ந்தார். முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டார். தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை.

கேக்கைப் பங்கு போட்டுக்கொண்டிருந்த முதலாளியின் மனைவி கத்தியைக் கீழே வைத்தார்.

"அடக் கடவுளே, குண்டுக்குப் போற அந்தப் பாழாப்போன ஆர்டர் முதல் பெட்டியிலேயே திரும்பி வந்துடணும்னுதானே இந்த மனுஷன் கண்கொத்தியைக் கிளப்பி விட்டுட்டு, எதைக் கொடுத்தாலும் சரின்னு சொல்ற உங்களைத் தேடிப் பிடிச்சு அந்த மேசையில உட்கார வெச்சாரு!"